காரியக் கல்யாணக் கதை எழுதுவது எப்படி: 1816 இங்கிலாந்தில் ஒரு காதல் நாவல்

காரியத்துக்காகக் கட்டிக்கொண்டார்கள், பிறகு காதல் வந்தது என்ற கதைக்குத் தமிழில் வாசகர் பஞ்சம் இருந்ததில்லை. இணையத் தொடர்களில் "ஒப்பந்தக் கல்யாணம்" தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அதே கதையை ரீஜென்சி கால இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும்போதுதான் பலருக்குச் சறுக்குகிறது. நாயகனுக்குக் கோட்டும் நாயகிக்குக் கவுனும் மாட்டிவிட்டு, உள்ளே இன்றைய சென்னைக் கதையையே ஓட்டுகிறார்கள். "ஒரு வருஷம் சேர்ந்திருப்போம், அப்புறம் பிரிந்துவிடுவோம்" என்று இருவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பத்திரம் செல்லாது, அந்தப் பிரிவும் நடக்காது.

ரீஜென்சி என்பது 1811 பிப்ரவரி 5 முதல் 1820 ஜனவரி 29 வரை. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியிருக்க, அவர் மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ஒன்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளின் கல்யாணச் சட்டத்தையும் பணக் கணக்கையும் பிடித்துக்கொண்டால் பாதிக் கதை தானாக வந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க ஒரே மாதிரிக் கதையை வைத்து நகர்கிறது. அதை அப்படியே எடுத்து எழுதலாம், உடைத்தும் எழுதலாம்.

காரணம் இருவருக்கும் வேண்டும்

"ஊர் வாயை அடைக்க" என்ற காரணம் ஒரு அத்தியாயத்துக்குத்தான் தாங்கும். மழையில் ஒரே விடுதியில் தங்க நேர்ந்தது, வம்பு கிளம்பியது, கட்டிக்கொண்டார்கள். கட்டிய மறுநாளே வம்பும் அடங்கிவிடும். அதற்கப்புறம் கதையை உந்த ஒன்றுமில்லை. காரணத்தைச் சோதிக்க மூன்று கேள்விகள் போதும். கல்யாணத்தைத் தவிர வேறு எதனாலும் இது தீராதா? இருவருக்கும் தனித்தனித் தேவை இருக்கிறதா? கல்யாணத்துக்குப் பிறகும் அந்தத் தேவை குடைந்துகொண்டே இருக்குமா?

நம் மாதிரிக் கதைக்கு வருவோம். நாயகிக்கு 24 வயது. பாட்டி உயிலில் அவளுக்கு 8,000 பவுண்டு எழுதிவைத்திருக்கிறாள். இரண்டு நிபந்தனைகள்: 25 வயது நிறைவதற்கு முன் கல்யாணம் ஆக வேண்டும், சொத்துப் பொறுப்பாளர்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும். நிபந்தனை மீறினால் பணம் அத்தை மகனுக்கு. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அன்றைய நீதிமன்றங்கள் "சம்மதமில்லாமல் கட்டினால் பணம் கிடையாது" என்ற வெறும் மிரட்டலை ரொக்கச் சொத்து விஷயத்தில் பொருட்படுத்துவதில்லை. மீறினால் பணம் யாருக்குப் போகும் என்று உயிலிலேயே எழுதியிருந்தால்தான் நிபந்தனைக்குப் பல் முளைக்கும். அந்த இன்னொரு ஆள்தான் உங்கள் வில்லன். தேடி அலைய வேண்டியதில்லை.

அவளுக்குப் பணம் ஏன்? 16 வயதுத் தங்கை சித்தப்பாவின் பொறுப்பில் இருக்கிறாள். தகப்பன் உயிலில் அவரைத்தான் காப்பாளராக எழுதியிருந்தார். ஒரு தகப்பன் உயில் மூலம் யாரை வேண்டுமானாலும் காப்பாளராக்கலாம், பெற்ற தாயைக்கூட ஒதுக்கலாம் என்பது 1660-லிருந்தே சட்டம். சித்தப்பாவோடு நீதிமன்றத்தில் மோத வேண்டுமானால் அவளுக்குப் பணமும் வேண்டும், அந்தஸ்துள்ள ஒரு வீடும் வேண்டும். வேலைக்குப் போகலாமே என்று வாசகர் கேட்பார். வீட்டு ஆசிரியையாகப் போனால் ஆண்டுக்கு 20, 30 பவுண்டு கிடைக்கும். அதற்கு வக்கீல் வீட்டு வாசற்படிகூட ஏற முடியாது.

நாயகன் ஒரு வைகவுண்ட், அதாவது பிரபுப் பட்டம் உள்ளவன். நிலத்தின் மேல் 12,000 பவுண்டு அடமானக் கடன். இங்கே மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பிரபுப் பட்டம் உள்ளவரைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. "கடன்காரச் சிறைக்குப் போய்விடுவேன்" என்று ஒரு எர்லோ வைகவுண்டோ புலம்பினால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே மூடிவைத்துவிடுவார். ஆனால் அவர் தம்பியை ஃப்ளீட் சிறையில் தள்ளலாம். தகப்பன் உயிரோடிருக்கையில் மரியாதைக்கு ஒரு பட்டத்தைச் சூடித் திரியும் மூத்த மகனையும், அவர் நாடாளுமன்ற உறுப்பினர் இல்லையென்றால், தள்ளலாம்.

இரண்டாவது, நிலத்தை விற்றுக் கடனை அடைப்பதற்கென்ன? பெரிய குடும்பங்களின் நிலம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டிருந்தது. இருப்பவர் ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. மகனுக்கு 21 ஆனதும் தகப்பனும் மகனும் சேர்ந்து கட்டை அவிழ்த்து, கடனைச் சரிக்கட்டி, மறுபடி கட்டுவது வழக்கம். ஆகவே அந்த அடமானத்தில் நாயகனின் கையெழுத்தும் இருக்கிறது. 21 வயதில் படிக்காமல் போட்ட கையெழுத்து. அவன் மனசில் உறுத்தும் முள் இதுதான். அதற்கென்று ஒரு பழைய காதலியைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மூன்றாவது, வட்டி. சட்டம் அனுமதித்த உச்ச வட்டி 5 சதவீதம். 1854 வரை அதுதான் நிலை. 12,000-க்கு ஆண்டு வட்டி 600 பவுண்டு. "மாதம் பத்து வட்டி" வாங்கும் கந்துவட்டிக்காரர் அங்கே இந்தப் பெயரில் நடமாட முடியாது.

ஏன் 1816? 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஓயாத மழை, அழுகிய பயிர், குத்தகை பாக்கி. நெப்போலியன் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை இல்லை. மே மாதம் கேம்பிரிட்ஜ்ஷயரின் லிட்டில்போர்ட்டிலும் ஈலியிலும் ரொட்டி விலைக்காகக் கலவரம். நாயகனின் நிலத்தை அங்கே வைத்துவிட்டால் வானிலையே கடன்காரனுக்குத் துணை நிற்கும்.

இப்போது எதிர்பாராதது. நாயகி வேறு ஒருவனைக் கட்டத் தயாராகிறாள். பொறுப்பாளர்களில் ஒருவன் நம் நாயகன். இறந்துபோன தன் தகப்பன் இடத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்தவன். அந்த மாப்பிள்ளை சரியில்லை என்று விசாரித்து, சம்மதம் கிடையாது என்று சொல்ல வருகிறான். வந்தவன் மாப்பிள்ளையாகிறான். எதிர்பாராத கல்யாணம் என்றால் வானத்திலிருந்து விழ வேண்டியதில்லை. கல்யாணத்தைத் தடுக்க வந்தவன் அதைச் செய்துவிட்டுப் போனால் போதும்.

நாள்காட்டியை முதலில் போடுங்கள்

1753-இல் இயற்றிய ஹார்ட்விக் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு மூன்று வழிகள்.

ஒன்று, மூன்று ஞாயிறுகளில் இருவரின் திருச்சபைகளிலும் அறிக்கை வாசிப்பது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் "ஓலை வாசிப்பது" என்பார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இன்றும் புழங்கும் சொல் இருக்க, "பேன்ஸ்" என்று ஒலிபெயர்த்துத் திணற வேண்டியதில்லை. பாதிரியார் விரும்பினால் ஏழு நாள் முன்னறிவிப்பும் கேட்கலாம்.

இரண்டு, ஆயர் அல்லது அவர் சார்பில் அதிகாரம் பெற்ற குருவானவர் தரும் சாதாரண உரிமம். இருவரில் ஒருவராவது நான்கு வாரம் குடியிருந்த பங்கின் (திருச்சபை வட்டாரத்தின்) கோயிலில்தான் கல்யாணம் நடக்க வேண்டும்.

மூன்று, கேன்டர்பரி பேராயர் தரும் சிறப்பு உரிமம். எங்கேயும் எப்போதும் கட்டலாம். நாவல்களில் மிட்டாய் மாதிரி இதை வாரி இறைக்கிறார்கள். உண்மையில் பிரபுக்கள், அவர்கள் பிள்ளைகள், நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்றவர்களுக்கே வழக்கமாகக் கிடைத்தது. மற்றவர்கள் வலுவான காரணம் காட்ட வேண்டும்.

முதல் இரண்டு வழிகளில் கட்டினால் காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான். சாயங்கால வெயிலில் கோயில் கல்யாணம் எழுதிவிடாதீர்கள். 21 வயதுக்கு உட்பட்டவர் உரிமத்தின் பேரில் கட்டும்போது தகப்பன் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லையென்றால் கல்யாணமே செல்லாது. ஓடிப்போகிறவர்கள் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடியது இதனால்தான். இந்தச் சட்டம் அங்கே செல்லுபடியாகாது. லண்டனிலிருந்து அது சுமார் 320 மைல். குதிரை மாற்றி மாற்றி ஓட்டினாலும் ராத்திரி கிளம்பி விடியலில் சேரும் தூரமில்லை.

நம் கதைக்குக் கணக்குப் போடுவோம். நாயகியின் பிறந்தநாள் ஜூலை 20. நாயகன் வந்து நிற்பது 1816 ஜூலை 1, திங்கட்கிழமை. அடுத்து வரும் ஞாயிறுகள் 7, 14, 21. மூன்றாவது ஓலை வாசிக்கும்போது அவளுக்கு 25 முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். அத்தோடு ஓலை வாசித்தால் அத்தை மகன் காதிலும் விழும். ஆகவே சாதாரண உரிமம். அவள் பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருப்பதால் நான்கு வார நிபந்தனை பிரச்சினையில்லை. உரிமம் இரண்டே நாளில் வந்துவிடும். பிறகு ஏன் தாமதம்? சொத்து ஒப்பந்தம் கல்யாணத்துக்கு முன் கையெழுத்தாக வேண்டும், வக்கீல் எழுதி முடிக்க இரண்டு வாரம் இழுக்கிறார். ஜூலை 18 ராத்திரி கையெழுத்து. 19 வெள்ளிக்கிழமை காலை கல்யாணம். ஒரு நாள் மிச்சம் என்று எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

அங்கேதான் பொறி. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி ஒருவருக்கு வயது நிறைவது பிறந்தநாளில் அல்ல, அதற்கு முந்தின நாள் தொடங்கும்போதே. 1969-இல்தான் இதை மாற்றினார்கள். அதாவது ஜூலை 19 விடியும் முன்பே அவளுக்கு 25 நிறைந்துவிட்டது. அத்தை மகனின் வக்கீல் இதைத் தோண்டி எடுக்கிறார். சம்மதம் தந்த பொறுப்பாளரே மாப்பிள்ளை என்பதையும் சேர்த்து, சொத்து வழக்குகளை விசாரிக்கும் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டு முடங்குகிறது. அந்த நீதிமன்றத்தின் தலைவரான சான்சலர் அப்போது எல்டன் பிரபு. தீர்ப்புச் சொல்லத் தாமதிப்பதில் பேர்போனவர். எந்தப் பணத்துக்காகக் கட்டிக்கொண்டார்களோ அந்தப் பணம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை.

பேரம் பேசும் அத்தியாயம்

பலர் இதை அரைப் பக்கத்தில் தாண்டிவிடுகிறார்கள். நாவலின் மிகச் சிறந்த காட்சியாக இது இருக்க முடியும், ஏனென்றால் இருவரும் உண்மை பேசும் கடைசித் தருணம் இதுதான். அதன் பிறகு இருவருக்கும் மறைக்க ஏதாவது சேர்ந்துவிடும்.

கல்யாணமானதும் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற தனி ஆள் கிடையாது. அவள் ரொக்கம், நகை, சாமான் எல்லாம் கணவனுடையவை. நிலம் அவள் பெயரில் இருக்கலாம், வருமானம் அவனுக்கு. 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இதுதான் பொது விதி. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் ஒப்பந்தம் செய்யவும் முடியாது. தப்பிக்க ஒரே வழி, கல்யாணத்துக்கு முன் பொறுப்பாளர்கள் பெயரில் எழுதும் சொத்து ஏற்பாடு. ஆகவே "நமக்குள் ஒரு ஒப்பந்தம்" என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் அது மனசாட்சிக்கு மட்டும்தான். அப்படி ஒரு தாளைக் கதையில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அது செல்லாது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காட்சியில் பேச வேண்டிய எண்கள் இவை. சீதனம் 8,000. அதில் எவ்வளவு கடனுக்குப் போகும்? முழுதும் போனால் மிச்சக் கடன் 4,000, வட்டி ஆண்டுக்கு 600-இலிருந்து 200 ஆகக் குறையும். பதிலுக்கு அவளுக்கு என்ன? கணவன் முன்னால் இறந்தால் விதவைக்கு ஆண்டுதோறும் நிலத்திலிருந்து வரும் தொகை. சீதனத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, ஆக 800 பவுண்டு. கைச்செலவுப் பணம் ஆண்டுக்கு 100. தங்கை இந்த வீட்டில் இருக்கலாமா? வழக்குச் செலவு யாருடையது? இப்படிப் பேசிக்கொண்டே போகையில் அவன் கேட்காமலே 100-ஐ 150 ஆக்குகிறான், அவள் கேட்காமலே முழுச் சீதனத்தையும் கடனுக்குத் தருகிறாள். "கண்கள் சந்தித்தன" என்று நீங்கள் எழுதாமலே வாசகருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

இந்த வகைக் கதையின் காதல் எங்கே இருக்கிறது என்பதையும் இதே காட்சி காட்டிக்கொடுக்கும். சட்டம் அவனுக்கு எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அதில் எதை எடுக்காமல் விடுகிறான் என்பதுதான் காதல். அவள் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுப்பது, இருவர் அறைகளுக்கும் நடுவிலுள்ள கதவைத் தட்டாமல் இருப்பது, கைச்செலவுப் பணத்தை மழை வருஷத்திலும் நாள் தவறாமல் தருவது. தமிழ்த் தொடர்களில் முரட்டு நாயகனுக்கு இருக்கும் மவுசு தெரிந்ததுதான். அறைவது, இழுப்பது, பூட்டி வைப்பது எல்லாம் இந்தப் பின்னணியில் இரட்டிப்புக் கேவலமாகப் படும், ஏனென்றால் அவளுக்குப் போக இடமே கிடையாது.

உண்மையில் பிரிவுக்கு என்ன வழி? திருச்சபை நீதிமன்றம் விபசாரத்துக்கோ கொடுமைக்கோ பிரிந்து வாழ அனுமதி தரும், மறுமணம் கிடையாது. முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும். பெண்களில் அப்படி முதலில் பெற்றவர் 1801-இல் ஜேன் அடிசன்; 1857-இல் சட்டம் மாறும்வரை மொத்தம் நால்வர்தான். "படுக்கையைப் பகிரவில்லை, ஆகவே கல்யாணம் ரத்து" என்பது நாவல்களில் அடிக்கடி வரும் தவறு. இங்கிலாந்தில் அது மட்டும் காரணமாகாது. ஆண்மைக் குறை என்று நிரூபிக்க வேண்டும், அதற்கு மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. எந்த வைகவுண்டும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டான். வருங்காலத்தில் பிரிவோம் என்று முன்கூட்டி எழுதிக்கொள்வதும் செல்லாது. ஆக, இவர்கள் பேசக்கூடியது "பிரிந்துவிடுவோம்" அல்ல, "நீங்கள் லண்டனில், நான் கிராமத்தில்" மட்டுமே.

கோயிலில்

காட்சி குறுகியது, குறுகியதாகவே எழுதுங்கள். 1662-இன் பொது வழிபாட்டு நூல்தான் முறை. வெள்ளைக் கவுன் கட்டாயமில்லை. அது 1840-இல் விக்டோரியா கல்யாணத்துக்குப் பிறகு பரவிய வழக்கம். இருப்பதில் நல்ல உடை போதும். மோதிரம் பெண்ணுக்கு மட்டும். "இப்போது மணமகளை முத்தமிடலாம்" என்று அந்த வழிபாட்டில் இல்லை. மோதிரம் போடும்போது மணமகன் தன் உலக உடைமைகளையெல்லாம் அவளுக்கு அளிப்பதாகச் சொல்ல வேண்டும். அதே கணத்தில் சட்டம் அவள் உடைமைகளை அவனுக்கு மாற்றுகிறது. ராத்திரிதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள் இதைக் கவனிக்காமல் இருப்பாளா? ஒரு வரி போதும், விளக்க வேண்டாம். கடைசியில் பதிவேட்டில் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். பிறந்த வீட்டுப் பெயரை அவள் எழுதும் கடைசித் தடவை. பேனா மையில் தோய்ந்து நிற்கும் அந்த நொடியில் நின்று எழுதுங்கள்.

அளவு: தமிழில் 60,000 முதல் 70,000 சொற்கள், 1,500 சொல் அத்தியாயங்களாக 40 முதல் 47. இந்தக் கல்யாணம் எட்டாவது அல்லது ஒன்பதாவது அத்தியாயத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பதினைந்தாவது அத்தியாயத்தில்தான் கோயில் மணி அடிக்கிறது என்றால் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது வேறு நாவல்.

நடுவில் தொய்யாமல் இருக்க

பத்தாவது அத்தியாயத்துக்கும் முப்பதாவதற்கும் இடையில்தான் இந்தக் கதைகள் செத்துப்போகின்றன. வழக்கமான சிகிச்சை, புரியாமை: அவள் யாருடனோ பேசுவதைப் பார்த்தான், கோபித்தான், ஆறு அத்தியாயம் பேசவில்லை. இரண்டு வாக்கியத்தில் தீரும் சண்டையை ஆறு அத்தியாயம் இழுத்தால் பின்னூட்டத்திலேயே வாசகர் பஞ்சாயத்து பண்ணித் தீர்த்துவைத்துவிடுவார்.

நம் கதையில் அதற்குத் தேவையில்லை. பணம் முடங்கியதால் (இதை 14-ஆம் அத்தியாயத்தில் வெடியுங்கள்) பெரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நில மேலாளர் இருந்த சிறு வீட்டுக்குக் குடிபோகிறார்கள். மாளிகையில் கணவனுக்கு ஒரு படுக்கையறை, மனைவிக்கு ஒன்று, நடுவில் உடை மாற்றும் அறையும் கதவும். சிறு வீட்டில் ஒரு மெல்லிய சுவர். அவன் இருமுவது கேட்கும். ஒரே வீட்டில் அடைபட வைக்கப் பனிப்புயலை வரவழைக்க வேண்டாம், வரவு செலவே அடைத்துவிடும்.

இங்கே அன்றாடத்தைச் சரியாக எழுதினால் காட்சிகள் தாமே முளைக்கும். சாவிக்கொத்து யாரிடம்? வீட்டு நிர்வாகி அம்மாள் அதைப் புதுமணப்பெண்ணிடம் எப்படிக் கொடுக்கிறாள்? காலை உணவு பத்து மணி வாக்கில். கிராமத்தில் பெரிய சாப்பாடு மாலை ஐந்து, ஐந்தரைக்கு, லண்டனில் அதற்கும் பிந்தி. "காலை வருகை" என்று அவர்கள் சொல்வது பிற்பகலில் நடக்கும், கால் மணி நேரம்தான். தீக்குச்சி கிடையாது; உரசினால் எரியும் குச்சி 1827-இல்தான் கடைக்கு வந்தது. ராத்திரி மெழுகுவர்த்தி அணைந்தால் சக்கிமுக்கிப் பெட்டியோடு போராட வேண்டும். ஒரு இருட்டுக் காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

தபால் ஒரு தங்கச் சுரங்கம். கூலியைக் கடிதம் பெறுகிறவர் கொடுப்பார். தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூடும். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு, ஆகவே தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். பிரபுக்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம் வரை இலவசமாக அனுப்பலாம். ஆனால் முழு முகவரியையும், ஊரையும் தேதியையும் தன் கையாலேயே எழுத வேண்டும். கைக்காசில்லாத தங்கைக்கு அக்கா எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் நாயகன் உட்கார்ந்து முகவரி எழுதுகிறான். முதல் கடிதத்தில் கிறுக்கல், இருபதாவதில் அழகாக. அவன் கையெழுத்தைத் தங்கைதான் முதலில் கவனிக்கிறாள்.

சாமான் ஏலத்துக்குப் பட்டியல் போடும் காட்சி ஒன்று, மாதிரிக்கு:

"பியானோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது பவுண்டாவது வரும்."

"அது உங்கள் அம்மாவுடையது."

"சட்டப்படி ஜூலை 19 காலையிலிருந்து உங்களுடையது."

அவன் பட்டியலை மடித்துப் பையில் வைத்தான். "அந்தக் காலையில் எனக்கு வேறு யோசனை இருந்தது. பியானோவைக் கவனிக்கவில்லை."

தமிழ் எங்கே காலை வாரும்

மேலே இருவரும் "நீங்கள்" என்றே பேசுகிறார்கள் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தக் கால நெருக்கத்தின் அளவுகோல் பெயர்: பட்டப் பெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு இறங்குவது. தமிழில் அது "நீங்கள்", "நீ". நம் பழக்கத்தில் கணவன் "நீ", மனைவி "நீங்க" என்று முதல் நாளே தொடங்கிவிட்டால் இறங்குவதற்குப் படியே இருக்காது. இருவரையும் "நீங்கள்"-இல் நிறுத்தி வையுங்கள். 30-ஆம் அத்தியாயம் வாக்கில் அவள் அவன் சொந்தப் பெயரைச் சொல்லட்டும். கணவன் பெயரைச் சொல்லாத வழக்கத்தை வீட்டில் பார்த்து வளர்ந்த வாசகருக்கு அது ஆங்கில வாசகரைவிட இரண்டு பங்கு சுரீரென்றிருக்கும். "நீ"க்கு அவன் மட்டும் தனியாக இறங்கினால் அதிகாரமாகக் கேட்கும். ஒரே காட்சியில் இருவரும் இறங்கட்டும், அல்லது இருவருமே இறங்க வேண்டாம்.

பட்டங்களில் கஞ்சத்தனம் நல்லது. பிரபு, சீமாட்டி என்ற பழைய சொற்கள் இன்னும் வேலை செய்கின்றன. வைகவுண்டின் மனைவி பட்டப் பெயரோடு சேர்ந்த சீமாட்டி; சொந்தப் பெயரோடு "சீமாட்டி" சேர்வது டியூக், மார்க்வெஸ், எர்ல் வீட்டு மகள்களுக்கு. இதைக் குழப்பினால் முழுப் புத்தகமும் குழம்பும்.

உறவுமுறைதான் பெரிய கண்ணி. ஆங்கிலத்தில் "கஸின்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தமிழில் அவன் யார் மகன் என்று முடிவு செய்தாக வேண்டும். அவளைக் கட்டக் கேட்டு மறுக்கப்பட்டவன் சித்தப்பா மகன் என்று எழுதினால் நம் வாசகருக்கு வயிறு புரளும். அவர்களுக்கு அது சாதாரணம். அதனால்தான் மேலே அத்தை மகன். மாறாக, மனைவி இறந்தபின் மைத்துனியைக் கட்டுவது நமக்குச் சகஜம். அங்கே திருச்சபைச் சட்டப்படி தடை. 1835 முதல் அப்படிக் கட்டினால் கல்யாணமே செல்லாது, 1907-இல்தான் அனுமதித்தார்கள்.

எழுதி முடித்ததும் கோப்பில் சில சொற்களைத் தேடுங்கள். "கழுத்தை நீட்டினாள்": தாலியே இல்லாத ஊரில் கழுத்தை எதற்கு நீட்டுகிறாள்? "கைப்பிடித்தான்" பிரச்சினையில்லை, அங்கேயும் கையைத்தான் பிடிக்கிறார்கள். "மாலையிட்டான்", "நல்ல நேரம்", "முந்தானை", "வாழாவெட்டி" எல்லாம் நம்மையறியாமல் நுழைந்திருக்கும். "வரதட்சணை" என்றால் கொடுமை வாடை அடிக்கும், "சீதனம்" பரவாயில்லை.

மெட்ராஸை இழுத்துவர ஆசையிருந்தால் நேர்மையான வழி உண்டு. நாயகனின் தம்பியைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வையுங்கள். நன்னம்பிக்கை முனை சுற்றிக் கப்பல் வர ஐந்தாறு மாதம். கல்யாணச் செய்தி அவனுக்குப் போய்ப் பதில் வர ஒரு வருஷம் ஆகும். "நீ கட்டினாயா? எதற்கு?" என்ற அவன் கடிதம், அந்தக் "எதற்கு" பொருளிழந்துபோன பிறகு 1817 கோடையில் வந்து சேரும்.

முடிவுக்கு வரும்போது

முப்பத்திரண்டாவது அத்தியாயம் வாக்கில் காரணம் முற்றிலும் போக வேண்டும். அத்தை மகன் சமரசத்துக்கு வருகிறான்: ஆளுக்குப் பாதி, வழக்கை முடித்துக்கொள்வோம். அந்த 4,000-ஐ வைத்து அவள் தங்கையோடு தனியாக வாழலாம். நாயகனும் தடுக்க மாட்டேன் என்கிறான். முதல்முறையாகப் போவதற்கு அவளுக்கு வழி இருக்கிறது. இந்த இடத்தில் கடத்தல், துப்பாக்கிச் சண்டை, திடீர்க் காய்ச்சல் எதையும் நுழைக்காதீர்கள். நுழைத்தால் முடிவெடுப்பது அவளாக இருக்காது. செல்லாத அந்தத் தாள், பேரக் காட்சியில் இருவரும் எழுதிக்கொண்டது, இப்போது வெளியே வரட்டும். அவள் அதில் ஒரு வரியை அடித்து, வேறு வரி எழுதி, அவனிடம் நீட்டட்டும். என்ன வரி என்பது உங்கள் நாவலைப் பொறுத்தது. அது பணத்தைப் பற்றிய வரியாக இருந்தால் நல்லது; அவர்கள் இருவரும் பேசிப் பழகிய மொழி அதுதான்.

பின்கதையாகக் குழந்தை, தொட்டில் என்று எழுதுவது வழக்கம். தங்கையின் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறுகளை எழுதினால் தொடக்கத்தோடு முடிச்சு விழும். அவசரமில்லாத கல்யாணம் எப்படியிருக்கும் என்று அக்கா பார்த்ததே இல்லையே. சமரசத்தை அவள் மறுத்துவிட்டாள் என்று நீங்கள் முடிவு செய்தால், வழக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்பார். அப்படியே விட்டுவிடலாம். எல்டன் பிரபு 1827 வரை பதவியில் இருந்தார்.